கொழுந்தனின் காலி ஃபோல்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் அதற்குத் தப்பிய ஒரே ஆள் என் கொழுந்தன். நல்லவன் என்பதால் அல்ல. திட்டுவதற்கு இடமே கொடுக்க மாட்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, "ஆள் வேலை செய்கிறார், தொடாதீர்கள்" என்ற அட்டையைத் தொங்கவிடுவான். பூட்டிய பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பான். மேலே யாராவது தெரியாத்தனமாகச் சுவிட்சைப் போட்டுவிட்டால் கீழே இருப்பவன் கதி அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் பூட்டு எப்போதும் அவன் இடுப்பு பெல்ட்டில் தொங்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவான்.

"ஒரு கம்பிக்கயிறே லிஃப்டத் தாங்கிடும் அண்ணி. ஆனா அஞ்சு போடுவோம்" என்பான். கயிறுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அதே கதைதான். எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள்.

மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நான்கு ஹார்ட் டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருந்தான். அதுதான் வீட்டு சர்வர். ஆளுக்கொரு ஃபோல்டர். என் கணவருடையதில் கால்பந்து ஆட்டங்கள். மாமியார் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். புது ஃபிரேம் வந்தால் போட்டுப் பார்த்து எடுத்த படங்கள் அவருடையதில். அவன் ஃபோல்டர் மட்டும் காலி.

"உனக்குன்னு ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு என்ன இருக்கு வைக்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பெட்டியில் முக்கால்வாசி என் ஃபோல்டர்தான். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் நான் டீச்சர். பிள்ளைகள் எங்களிடம் சைகை மொழி கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனால், அங்கே அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. வயிறு வலித்தால்கூடச் சொல்ல முடியாமல் அழுகிற பிள்ளைகள் உண்டு. அதனால் சொல்லுக்கு ஒரு வீடியோவாக, பிள்ளைகளையே செய்யச் சொல்லி எடுத்துக்கொண்டே வந்தேன். ஐந்து வருஷத்தில் நாலாயிரத்து இருநூறு சொற்கள். பெற்றோர்கள் அவற்றைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். பள்ளிக் கம்ப்யூட்டரில் அதற்கு இடம் கிடையாது. மொத்தமும் எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

இடம் நிறைந்துபோய், கொழுந்தன் இரண்டு புது டிஸ்க் வாங்கி வந்தான். இரண்டும் பழையவற்றைப் போல இரண்டு மடங்கு கொள்ளும்.

"ஒண்ணு டேட்டாவுக்கு, இன்னொண்ணு பேரிட்டிக்கு" என்றான்.

"இருக்கிற நாலுல ஒண்ணு ஏற்கெனவே பேரிட்டின்னு சும்மாதானே கெடக்குது? ஒரு ஃபோட்டோகூட இல்லாத டிஸ்க்குக்கு இன்னும் பெருசா ஒரு வாரிசா?" என்றேன்.

அவன் கால்குலேட்டரை எடுத்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி அனுப்பினான். ஒவ்வொருவரும் தங்கள் வயதை அடுத்தவருக்குக் காட்டாமல் கூட்ட வேண்டும். மாமியார் கையால் மறைத்துக்கொண்டு தட்டினார். நூற்று எண்பத்து மூன்று வந்தது. அதை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினான்.

"இந்தக் காகிதத்துல யார் வயசும் இல்ல. கூட்டுத்தொகை மட்டும்தான். ஆனா நம்மள்ல ஒருத்தர் வயசு காணாமப் போனா, மத்த மூணையும் கழிச்சுக் கண்டுபிடிச்சிடலாம். பேரிட்டியும் அப்படித்தான். எந்த டிஸ்க் போனாலும் திரும்ப வந்துடும். ஆனா ரெண்டு ஒண்ணாப் போனா ஒண்ணும் பண்ண முடியாது."

என் கணவருக்கு நாற்பத்து நான்கு, எனக்கு நாற்பத்தொன்று, கொழுந்தனுக்கு முப்பத்தாறு. என் கணவர் மனக்கணக்கில் புலி.

"அப்ப அம்மாவுக்கு அறுபத்திரண்டா? கடையில அம்பத்தாறுன்னு சொல்லி வச்சிருக்கீங்க!"

மாமியார் தட்டோடு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கொழுந்தனோடு பேசவில்லை.

அந்தப் பெட்டியின் விதிப்படி பேரிட்டி டிஸ்க் மற்ற எதையும்விடச் சின்னதாக இருக்கக் கூடாது. அதனால் முதலில் பழைய பேரிட்டியைக் கழற்றி, அந்த இடத்தில் புது டிஸ்க்கை வைத்து, எல்லா டிஸ்க்குகளையும் ஒருமுறை முழுக்கப் படித்துப் புதுக் கூட்டுத்தொகை எழுத வேண்டும். பதினாறு மணி நேர வேலை. அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தான். பழைய பேரிட்டியை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான்.

"இது முடியுற வரைக்கும் யாரும் சர்வர்ல எதையும் போடாதீங்க. நடுவுல ஏதாவது ஒண்ணு படுத்துட்டா, இந்தப் பழைய பேரிட்டிதான் நமக்குத் துணை. அது நேத்து ராத்திரிக் கணக்கு. நேத்து இருந்தது அப்படியே இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்."

பெட்டியின்மேல் அட்டையைத் தொங்கவிட்டான். கைப்பிடியில் சிவப்புப் பூட்டைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். நான்கூட அன்று பெட்டிப் பக்கம் போகவில்லை. பள்ளிக்குப் போய் முப்பது சொற்கள் எடுத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்து, போனை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குப் பெட்டியிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. இரண்டாம் டிஸ்க். கொழுந்தன் ஓடிவந்து காதை வைத்துக் கேட்டான். பத்து நிமிஷத்தில் அது செத்தே போனது. என் வீடியோக்களில் பாதி அதில்தான்.

"பயப்படாதீங்க அண்ணி, பழைய பேரிட்டி இருக்கு. இதுக்காகத்தானே எடுத்து வச்சேன்" என்றான். வேலையை நிறுத்திவிட்டுப் பழையதைத் திரும்ப மாட்டப் போனவன், திரையைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றான்.

மதியம் ஒன்றே காலுக்கு மூன்றாம் டிஸ்க்கில் முப்பது வீடியோக்கள் ஏறியிருந்தன. என் போன் போட்டிருக்கிறது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைக்கு எடுத்தவை தாமாகவே சர்வருக்குப் போய்விடும்படி, "அண்ணிக்குச் சிரமம் வேண்டாம்" என்று போன வருஷம் அதைச் செய்து வைத்தவனே அவன்தான். மனிதர்களையெல்லாம் பூட்டுப் போட்டுத் தடுத்தவன், என் கைப்பையில் இருந்ததை மறந்துவிட்டான்.

"அதனால என்ன? முப்பது கூடத்தானே ஆயிருக்கு, கொறையலையே?" என்று கேட்டேன்.

அவன் ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தைக் காட்டினான். "வியாழக்கிழமை உங்க பொறந்தநாள் வந்துச்சு. உங்களுக்கு இப்ப நாப்பத்திரண்டு. கூட்டுத்தொகை பழசு. இப்பக் கழிச்சா அம்மா வயசு என்ன வரும்?"

அறுபத்தொன்று.

"அந்தக் கணக்கே இருக்கட்டும்" என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் போன் மூன்றாம் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் எழுதியதோ, இரண்டாம் டிஸ்க்கில் அதே இடங்களில் இருந்தவை தப்பாகத்தான் திரும்பி வரும். எவை என்று யாருக்கும் தெரியாது.

பழைய பேரிட்டியை வைத்துக் கழித்துக் கழித்து, செத்த டிஸ்க்கில் இருந்ததை இரண்டாவது புது டிஸ்க்கின் முதல் பாதியில் எழுத மறுநாள் மதியம் வரை ஆனது. அதுவரை அவன் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "என் தப்பு அண்ணி, என் தப்பு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வாய்க்கு வந்தபடி திட்டுவதற்கு எனக்கு முதல்முறையாக ஒரு வாய்ப்பு. திட்டத் தோன்றவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

வந்ததை அப்படியே ஒரு தனி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தான். "இனிமே இங்க ஒரு நகல் இருக்கட்டும். மொதல்லயே செஞ்சிருக்கணும்." சிவப்புப் பூட்டை அவன் இழுத்துப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இருபது பேரும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்தார்கள். படம் பச்சைக் கட்டங்களாக உடைந்தால் கை தூக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் என் கொழுந்தன் ஒரு தடவை கூனிக் குறுகினான். சாயங்காலத்துக்குள் முடிந்தது. கெட்டுப்போனவை முப்பத்தொன்று. எறும்பு, சாவி, போதும், நாளைக்கு என்று எல்லாம் திரும்ப எடுக்கக்கூடியவை. அந்த வாரமே எடுத்தோம். பழைய "சாவி"யில் முன்பல் இல்லாமல் இருந்த பெண்ணுக்குப் புதியதில் எல்லாப் பல்லும் இருக்கிறது.

அன்று அவன் கிளம்பும்போது பிள்ளைகள் கூடிக்கூடி எதையோ சைகையில் பேசினார்கள். அப்புறம் மூத்த பெண் முன்னால் வந்து, இடுப்பருகே கையை மடக்கி, இரண்டு முறை கீழே இழுத்துக் காட்டினாள். மற்றவர்களும் அதையே செய்தார்கள்.

"என்ன அண்ணி சொல்றாங்க? பூட்டக் கேக்குறாங்களா?"

"இல்லப்பா. அது உன் பேரு. இவங்க ஒருத்தருக்குப் பேர் வச்சா, அவரத் தங்களோட ஆளாச் சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்."

அவன் தானும் அதை ஒருமுறை செய்து பார்த்தான். சரியாக வரவில்லை. மூத்த பெண் அவன் கையைப் பிடித்துத் திருத்தினாள். நான் அதைப் போனில் எடுத்துக்கொண்டேன்.

இப்போது பெட்டியில் இரண்டு பேரிட்டி டிஸ்க்குகள். ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தை மாமியார் எங்கே ஒளித்தார் என்று தெரியவில்லை. போன வாரம் எதையோ தேடப்போய் கொழுந்தனின் ஃபோல்டரைத் திறந்தேன். காலியாக இல்லை. நான் எடுத்த அந்த வீடியோ, நான்கே விநாடி, அதில் இருந்தது. அதற்கு அவன் வைத்திருந்த பெயர்: நான்.