மூன்று விரல் இடுக்கு

பேச்சித்தாயைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை. என் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் அடுத்த வீட்டில் அவள் திடுக்கிடுவாள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். நான் பள்ளிக்கூடத்து வாத்திச்சி. எனக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எரிச்சல். "ஏட்டி, உன் நிழலைப் பாத்தாவது பயப்படாம இருப்பியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "என்ன செய்ய டீச்சரக்கா, பொறப்பு அப்படி" என்பாள்.

பிறப்பு ஒன்றும் அப்படி இல்லை. பனவடலிசத்திரத்தில் அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, அவள் இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட தம்பி விறகு அடுக்குக்குப் பின்னால் கையை விட்டான். செந்தேள் கொட்டியது. மூன்று வயசுப் பையன், பொழுது சாய்வதற்குள் முடிந்துபோனான். அன்றிலிருந்து சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் இருட்டாக எது தெரிந்தாலும் அவள் இரண்டடி தள்ளித்தான் நிற்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு எண்பத்தொன்றாம் வருசம் சங்கரன்கோவிலில் வாய்த்த வீடு இருக்கிறதே! தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு வளவு. நடுவில் முற்றம், சுற்றி ஒன்பது குடித்தனம். அதில் ஒரு பெரிய வீட்டை வீட்டுக்காரர் குறுக்கே சுவர் வைத்து இரண்டாக்கி, ஒரு பாதியை எனக்கும் மறு பாதியைப் பேச்சித்தாய்க்கும் அவள் புருசன் வீரபாண்டிக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். பின்சுவரை ஒட்டி, அந்தக் காலத்தில் நெல் கொட்டி வைத்த கல்தொட்டி ஒன்று பத்தடி நீளத்துக்குக் கிடந்தது. அதை இடிக்க மனசில்லாமல் அதன் மேலேயே நடுச்சுவரை ஏற்றிவிட்டார். பாதித் தொட்டி அவளுக்கு, பாதித் தொட்டி எனக்கு. தொட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. மேலே பலகைக்கல் போட்டு மூடியிருந்தபடியால், அவள் வீட்டுக் கோடியில் ஒரு வாய், என் வீட்டுக் கோடியில் ஒரு வாய். என் பக்கத்து வாயை ட்ரங்குப் பெட்டிகளை அடுக்கி மறைத்திருந்தேன்.

நடுச்சுவரோடு இடுக்கும் முடிந்துவிடுகிறது என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான். அவள் வீட்டுக் கருவாட்டு வாடை என் ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வருவதைப் பலமுறை திட்டியிருக்கிறேன். எந்த வழியாக வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? பெரிய படிப்புப் படித்தவள் நான்!

பேச்சித்தாய் பீடி சுற்றுவாள். பீடி இலை காயக் கூடாதென்று ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருப்பாள். பங்குனி வெயில் கொளுத்திய ஒரு காலையில் சாக்கைத் தூக்கினால், அடியிலிருந்து ஒரு செந்தேள் விறுவிறுவென்று ஓடி அந்த இடுக்குக்குள் நுழைந்தது. இரண்டு முழம் தள்ளி அவள் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். எட்டு மாதப் பிள்ளைக்கு ஆறுமுகச்சாமி என்று பேர், ஆளைவிடப் பேர் பெரிது. அவள் போட்ட அலறலில் வளவே திரண்டுவிட்டது.

சங்கரன்கோவிலில் தேளையோ பாம்பையோ வீட்டுக்குள் கண்டால், அதன் உரு பதித்த வெள்ளித் தகட்டைக் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். பேச்சித்தாயும் நின்ற இடத்திலேயே நேர்ந்துகொண்டாள். ஆனால் அவள் பிறந்த வீட்டில் அதோடு இன்னொன்றும் உண்டு. நேர்ந்த பிறகு அந்தச் சாதி உயிரை விரட்டலாம், அடித்துக் கொல்லக் கூடாது.

"அதெல்லாம் யாருட்டி சொன்னது? செருப்பால ஒரு போடு போட்டா தீந்துச்சு" என்றேன்.

"அப்படிச் சொல்லாதிய அக்கா. எங்க அப்பா நேந்துட்டு மறுநாளே ஒண்ணை அடிச்சாரு. அந்த வாரமே தம்பி போயிட்டான்."

கையில் எடுத்த செருப்பைக் கீழே போட்டேன்.

மூன்று நாள் அவள் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற சொளவைத் தொடவில்லை. வீரபாண்டி ராஜபாளையம் ரோட்டில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். வீடு மாற்றலாமா என்று அவனைக் கேட்டாள், நடக்கிற காரியமாக இல்லை. நாலாம் நாள் இடுக்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடிப் போக வழியில்லாதவர்களுக்கு வருகிற ஒரு புத்தி அவளுக்கு வந்தது.

முதலில் ஈர்க்குமாற்றை விட்டுப் பார்த்தாள், வளைந்துகொண்டது. கம்பு நுனியில் தேங்காய் நார் கட்டினாள், நார் தடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டது. அப்புறம்தான் மூங்கிலைப் பிளந்து, கண்ணாடிச் சில்லால் சீவித் தட்டையாக்கினாள். நுனியில் பழைய சைக்கிள் டியூபை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிக் குறுக்கே தைத்தாள். பீடி இலையை அளவுத் தகடு வைத்து வெட்டுகிற கை, ஒரு நூல் பிசகவில்லை. ரப்பர் ஓரம் சுவரையும் தொட்டியையும் நக்கிக்கொண்டு போயிற்று. எந்தக் குப்பையும் அதைத் தாண்டித் திரும்பி வர முடியாது.

பின்சுவரில், நடுச்சுவருக்கு நேர் கீழே, தண்ணீர் போக ஒரு துளை உண்டு. குப்பையைத் தள்ளிக்கொண்டே போனால் எல்லாம் அந்தத் துளை வழியாகக் கொல்லைப்பக்கம் விழும், தேளும் உயிரோடு போய்ச் சேரும், நேர்ச்சையும் பிழைக்கும் என்பது அவள் எண்ணம். ஒரு சனிக்கிழமை காலையில் தள்ளினாள். வெளியே ஓடிப் பார்த்தாள். துளையிலிருந்து தூசியும் பூச்சிக்கூடும் கொட்டிக் கிடந்தன. முற்றத்துக்கு வந்து, "போயிட்டு அக்கா! ஒழிஞ்சுது!" என்று கும்மாளம் போட்டாள். அன்றுதான் பிள்ளையைத் தரையில் விட்டாள்.

அன்று மத்தியானம் என் மகள் ஆவுடை, நாலு வயசு, ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் விழுந்த சொப்பை எடுக்கக் கையை விட்டாள். வீல் என்று கத்தினாள். பெட்டித் தகரம் கிழித்துவிட்டதென்று நினைத்து, "உன்னை யாரு அங்கன போகச் சொன்னா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். பாவி நான்! விரலில் ரத்தமே இல்லை. ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்கு மழையில் நனைந்த மாதிரி வேர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்தாள். கையும் காலும் சில்லென்று ஆகிவிட்டன. என் புருசனுக்கு வேலை கோவில்பட்டியில். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எறும்பா, குளவியா, ஓணானா என்று பைத்தியக்காரியைப் போலப் பெட்டிகளைப் புரட்டினேன்.

வாசலில் பேச்சித்தாய் நின்றாள். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

"அக்கா, தேளு. செந்தேளு. அந்த இடுக்கு உங்க வீடு வரைக்கும் வருது போல, நாந்தான் தள்ளிவிட்டுட்டேன்."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. சாப்பாட்டுக்கு வந்திருந்த வீரபாண்டி சைக்கிளை எடுத்தான். பிள்ளையை மடியில் கிடத்திக் கேரியரில் உட்கார்ந்தேன். பேச்சித்தாய் தன் மகனை இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கடிச்சுது?" மூச்சு வாங்க அவள்தான் பதில் சொன்னாள்.

ஆவுடை பிழைத்தாள். மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து சொப்பைக் கேட்டாள். அதுவரை எனக்குள் பயம்தான் இருந்தது. அவள் பேசிய பிறகு கோபம் வந்தது பாருங்கள்! ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சித்தாயைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் பிள்ளைக்கு வந்ததை எம் பிள்ளைக்குத் தள்ளிட்டியேட்டி! இனிமே எதுவா இருந்தாலும் உன் பக்கம் இழு. என் பக்கம் ஒரு தூசி வந்துச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து தேடினால் தேளைக் காணோம். மறுபடி இடுக்குக்குள்தான் போயிருக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் பிள்ளைகளைக் கட்டிலிலேயே வைத்திருந்தோம். கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தியிருந்தோம். என் பக்கத்து வாயில் துணியைத் திணித்துவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பேச்சித்தாயை நிழலுக்குப் பயப்படுகிறவள் என்று கேலி செய்தவள், என் முந்தானை காலில் பட்டதற்குத் துள்ளினேன்.

இழுக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். உள்ளே போகும்போது எதையும் தள்ளக் கூடாது, வெளியே வரும்போது எதையும் விடக் கூடாது. அதற்கு எப்படி நுனி செய்வது? வீரபாண்டி முற்றத்தில் ஒரு சைக்கிள் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தபோது அவளுக்கு அது பிடிபட்டது. பம்புக்குள் தோல் வாசர் ஒன்று கிண்ணம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் போகும்போது மடங்கி வழிவிடும், மறுபக்கம் போகும்போது விரிந்து அடைத்துக்கொள்ளும்.

"இதைத் திருப்பி மாட்டுனா என்ன?" என்றாள்.

வீரபாண்டி சிரித்தான். "காத்து ஏறாது."

"எனக்கு எதுக்குக் காத்து?"

அதே தோலில் இடுக்கின் அகலத்துக்கு ஒரு நாக்கு வெட்டினாள். சைக்கிள் கம்பியில் கோத்து மூங்கிலில் பூட்டினாள். உள்ளே போகும்போது நாக்கு படுத்துக்கொள்ளும். இழுத்தால் எழுந்து நிற்கும். பத்தடிக்கும் எட்டுவதற்காக இரண்டு மூங்கிலைத் தகரக் குழாயால் சேர்த்தாள். கடைசியாகப் பவுடர் டப்பாவை வெட்டிக் கைப்பிடிக்கு முன்னால் தட்டு மாதிரி ஒரு தகரம் வைத்தாள். தேள் கோலில் ஏறி வந்தால் கையைத் தொடாமல் தடுக்க. அந்தக் கோலில் அவள் பயப்படாமல் செய்த பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. வீரபாண்டி பிள்ளைகள் இரண்டையும் முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டான். கோபம் தீராவிட்டாலும் நான் அவள் வீட்டில் டார்ச் லைட்டோடு நின்றேன். அவள் முழங்காலிட்டுக் கோலை விட்டாள். முதல் இழுப்பில் பஞ்சும் பல்லி முட்டையும் வந்தன. இரண்டாவதில் என் மகளின் சொப்பு வந்தது. மூன்றாவது இழுப்பில் அவள் கை நின்றது.

தோல் நாக்கின் மேல் செந்தேள் உட்கார்ந்திருந்தது. முதுகு நிறையக் குஞ்சு. வாலைத் தூக்கிக்கொண்டு கோலில் ஏறத் தொடங்கியது.

"போட்டுட்டு ஓடுட்டி!" என்று கத்தினேன். நான் ஏற்கெனவே நிலைப்படிக்கு வெளியே நின்றேன்.

"விட்டா உள்ள போயிரும் அக்கா. அங்கிட்டு உங்க பக்கம்லா வரும்."

பல் கிட்டித்துப் பேச்சு குளறியது. ஆனாலும் கை மாற்றி மாற்றி இழுத்தாள். தேள் ஏறி வந்து தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பவுடர் டப்பாத் தகரம்தான். கோலைச் சாய்த்து மண்பானைக்குள் உதறினாள். மூடினாள். வீரபாண்டி பானையை ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தான். அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, சத்தம் போட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்த இடத்தில் சேலை நனைந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அந்த வாரமே கோயிலில் தகடு போட்டாள். வளவில் எல்லோரும் கேட்டு ஆளுக்கொரு கோல் செய்து வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஐந்து வருசம், வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த இடுக்கைச் சுத்தம் செய்தாள். அவள் பக்கத்திலிருந்தேதான், பத்தடியும். என் வீட்டுக் குப்பையும் அவள் வீட்டில்தான் போய் விழுந்தது. நான் கோபத்தில் சொன்ன சொல்லை அவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "போதும்ட்டி, என் பங்கை நான் இழுத்துக்கிடுதேன்" என்று நான் ஒரு வெள்ளிக்கிழமைகூடச் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். அதை ஒத்துக்கொள்ள வாத்திச்சிக்கு வாய் வரவில்லை.

எண்பத்தாறில் வீரபாண்டி சிவகிரியில் சொந்தமாகச் சைக்கிள் கடை போட்டான். போகிற அன்று பேச்சித்தாய் கோலை என் கையில் கொடுத்தாள். "இருட்டா இருக்கேன்னு விட்டுராதிய அக்கா" என்றாள்.

அவள் காலி செய்த வீட்டுக்குக் கடையநல்லூரிலிருந்து மெஹர்பானு என்று ஒரு சின்னப் பெண் குடிவந்தாள். புருசன் துபாயில். கைக்குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. அவர்கள் வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் ட்ரங்குப் பெட்டியை நகர்த்தினேன். செந்தேள் ஒன்று என் கால் பக்கமாக ஓடி இடுக்குக்குள் புகுந்தது.

கோலை எடுத்தேன். மூங்கிலைத் திருப்பிப் பிடித்து நாலு குத்துக் குத்தினால் போதும், தேள் அந்தப் பக்கம் ஓடிவிடும். என் வீட்டைப் பொறுத்தவரை ஒழிந்தது. கை அதற்குத்தான் தயாராக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது இடுக்கு வழியாக அந்தப் பக்கத்துக் குழந்தை தரையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

முழங்காலிட்டேன். பல் கிட்டித்தது. தோல் நாக்கு உள்ளே படுத்துக்கொண்டு போனது. தேளைத் தாண்டி அது எழுந்து நின்றதைக் கையிலேயே உணர்ந்தேன். என் பக்கம் இழுத்தேன்.