அம்மாவுக்கு நேரே நின்ற வேல்

என் அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றைப் பொருத்தினால் அது ஆடாது. எங்கள் வீட்டில் அவர் அடித்த காலண்டர் ஆணியைப் பிடுங்கப் போனால் சுவர்தான் கையோடு வரும். அப்படிப்பட்டவர் பழைய கார் ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு, டேஷ்போர்டில் வைக்க ஒரு சாண் உயரத்தில் பித்தளை முருகன் ஒன்றும் வாங்கினார். ஊரில் எல்லோரையும் போல அவரும் முதலில் டேப்பில்தான் ஒட்டினார். திருவொற்றியூர் வெயிலில் டேப் இளகி, ஒரு ஸ்பீடு பிரேக்கரில் முருகன் நேராக அம்மாவின் மடியில் வந்து விழுந்தார். ஒரு ஃபிட்டருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அன்று சாயங்காலமே டிரில்லிங் மெஷினை எடுத்து டேஷ்போர்டில் இரண்டு ஓட்டை போட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் முருகனை முடுக்கிவிட்டார்.

அவர் ஓட்டை போட்ட இடம், முன்சீட்டில் உட்காருபவருக்கான ஏர்பேக்கின் மூடி.

இதில் என் மானம் எங்கே போகிறது என்றால், நான் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். ஏர்பேக் வேலை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் இருக்கிறவன் காருக்கெல்லாம் போய், இதன் மேல் எதையும் வைக்காதீர்கள், ஒட்டாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். கல்யாணமாகி ராயபுரத்தில் இருப்பதால் அப்பாவின் காரை உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். முருகன் பளபளவென்று நின்றிருந்தார். கையில் இருந்த வேல் சற்று முன்பக்கமாகச் சாய்ந்து, முன்சீட்டில் உட்காருபவரின் கழுத்துக்குக் குறி வைத்திருந்தது. அந்தச் சீட்டில் எப்போதும் உட்காருவது அம்மா. பின்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும்.

சாவியைத் திருப்பினேன். மீட்டர் போர்டில் ஓர் இடத்தில் மெரூன் நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் அடியில் சிவப்பு விளக்கு. ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, அவன் முன்னால் ஒரு பந்து. ஏர்பேக்கில் கோளாறு என்பதற்கான விளக்கு அது.

"நைனா, இன்னா இது?"

"உங்கம்மா ஒட்டுனாமா. அந்தாளு செவப்பா மொறச்சிகினே கீறான்னா. நான்தான் ஒரு பொட்டு வெச்சி மூடுன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொட்டை என் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் சண்டை போட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை அவர்கள் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போவதாக இருந்தார்கள். ஆறு செவ்வாய் போய்க் கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் போவார்கள். இவர்கள் போனது எனக்கு வீடு அமைய வேண்டும் என்று. எனக்கு வீடு கிடைக்க, டேங்கர் லாரிகள் போகிற மணலி ரோட்டில், கழுத்துக்கு நேரே வேலோடு என் அம்மா போய்வருகிறாள். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன்.

"இடிச்சா இந்த மூடி கிழிஞ்சி உள்ள இருக்குற பை வெளிய வரும் நைனா. கண்ணு சிமிட்டுறதுக்குள்ள வரும். மேல இன்னா வெச்சிகீறியோ அத்த அடிச்சித் தள்ளிகினு வரும். எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு வண்டில டேஷ்போர்டுல கெடந்த சென்ட்டு பாட்டில் பின்சீட்டு முதுகுல பொதஞ்சி கெடந்துச்சு."

"பாட்டில ஒட்டுனவன் ஒயுங்கா ஒட்டிருக்க மாட்டான். நம்புளுது ஸ்க்ரூ."

"ஸ்க்ரூவோட வரும்!"

அப்பா யோசித்தார். அவர் யோசிப்பதுதான் எனக்கு எப்போதும் பயம்.

"செவப்பு லைட்டு எரிஞ்சா பை தொறக்காதுன்ற?"

"அநேகமா தொறக்காது. சத்தியம் பண்ண முடியாது."

"பை தொறக்கலன்னா வேலும் வராது?"

"வராது. ஆனா..."

"அப்போ லைட்டு எரிஞ்சிகினே கீட்டும். இன்னா இப்போ?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கோளாறைச் சரிசெய்தால் வேல் பாயும். சரிசெய்யாவிட்டால் அம்மாவுக்கு ஏர்பேக்கே இல்லை. முருகனை எடுத்தால்தான் இரண்டுக்கும் வழி. அதற்கு அப்பா சம்மதிக்க வேண்டும். காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரச் சொன்னால் அதுவும் முடியாது என்றார். அங்கே இருக்கிறவர்கள் முருகனைப் பிடுங்கி, பாலித்தீன் கவரில் போட்டு டிக்கியில் எறிந்துவிடுவார்களாம். எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பதால் அதை நான் மறுக்கவில்லை. கடைசியில், முருகனை அவர் கையாலேயே கழற்றுவது, உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று நான் பார்ப்பது, பார்த்த பிறகு பேசுவது என்று வாசலிலேயே ஒப்பந்தம் ஆயிற்று. டூல்ஸ் பை என் ஸ்கூட்டரிலேயே இருந்தது.

ஏர்பேக் வேலையில் முதல் பாடம், சும்மா நிற்பது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கிவிட்டு, பத்து நிமிடம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். விபத்தில் பேட்டரி நசுங்கிப்போனாலும் பை திறக்க வேண்டும் என்பதற்காக உள்ளே கொஞ்சம் கரண்ட்டைச் சேமித்து வைத்திருப்பார்கள். அது வடியும் வரை பொறுக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் இது சுலபமான வேலை. எங்கள் தெருவில் ஆகாத காரியம். பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு ஒருத்தி சும்மா நின்றால், உதவி கேட்டு நிற்கிறாள் என்றுதான் எங்கள் தெருவில் அர்த்தம். கேட்காமலே உதவுகிற ஜனங்கள். அவர்கள் பாசத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்தான், பேட்டரி விஷயத்தைத் தவிர.

எதிர்வீட்டு பாய் வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவர், அப்பாவின் தோஸ்து.

"இன்னாமா, வண்டி ஸ்டார்ட் ஆவலியா?"

"இல்ல பாய், சும்மா நிக்கிறேன்."

"சும்மா எதுக்கு நிக்கணும்?"

தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்பினேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கேபிளு கயண்டு கெடந்துச்சுமா, அதான் மேட்டரு. டைட் பண்ணிட்டேன். இப்போ அடி, சோக்கா எடுக்கும்."

மறுபடி கழற்றினேன். மறுபடி பத்து நிமிடம். இந்த முறை பாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் மறுபக்கமாக வந்த அப்பா, காருக்குள் தூசு வருகிறது, கண்ணாடியை ஏற்றலாம் என்று கேபிளை எடுத்து மாட்டிவிட்டார். நான் உள்ளே கை வைத்திருக்கும்போது இவர்களில் ஒருவர் இப்படி உதவியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பை என் முகத்தில் திறந்திருக்கும். பக்கத்தில் நின்று பாய், "இப்போ ஓடுதா பார்மா" என்று கேட்டிருப்பார்.

கடைசியில் அம்மாவைக் கொண்டுவந்து பானெட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாய் ஓர் அடி முன்னால் வந்தார்.

"பாய், அங்கியே நில்லு. என் பொண்ணு சும்மா நிக்கிற வேல பாத்துகினு கீறா."

அம்மா சொன்னதோடு தெரு அடங்கியது.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, முருகனைப் புதுத் துண்டில் ஏந்திக்கொண்டு இறங்கினார். பாயும் மரியாதையாகச் செருப்பை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். நான் காரின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் கரண்ட்டைப் போக்கிக்கொண்டு, மஞ்சள் கனெக்டரை விடுவித்து ஏர்பேக்கை வெளியே எடுத்தேன். அதைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. பை வெளியே வரும் பக்கம் நம் உடம்பைப் பார்க்கக் கூடாது. கீழே வைக்கும்போது அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். அதன் மேல் ஒரு குண்டூசிகூட வைக்கக் கூடாது. வாசல் சிமெண்டுத் தரையில் அட்டை விரித்து அப்படியே வைத்தேன். ஸ்க்ரூ முனைகள் மூடியைத் தாண்டி, மடித்த பைத் துணியைக் குத்திக் கிழித்திருந்தன. இனி அது உதவாது, புதிதுதான் போட வேண்டும்.

"யாரும் இத்தத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கு எதனால் எரிகிறது என்று தேட முன்சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். மூன்று தேங்காய் உருண்டு வந்தன. கோயிலுக்கு என்று வாங்கி அப்பா சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தவை. வண்டி திரும்பும்போதெல்லாம் அவை உருண்டு இடித்து, அங்கே இருந்த ஏர்பேக் வயரின் கனெக்டரைப் பாதி கழற்றிவிட்டிருந்தன. கோளாறு அவ்வளவுதான். சந்தோஷமாகத் தலையை வெளியே எடுத்தேன். கற்பூர வாசனை வந்தது.

அப்பா என்னதான் செய்வார், பாவம். பித்தளை முருகன் கனம். எவ்வளவு நேரம்தான் கையில் ஏந்துவார்? தெரு நாய் படுக்கிற தரையில் சாமியை இறக்க மனசு வரவில்லை. அட்டை விரித்து, கறுப்பாக, தட்டையாக, சுத்தமாக வானத்தைப் பார்த்து ஒரு பீடம் இருந்தது. யாரும் தொடக் கூடாது என்று மகள் சொன்னதால் அதன் சுத்தத்தின் மேல் இன்னும் நம்பிக்கை. முருகனை அதன் மேல் நிறுத்தி, இடம் மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டு, ஏர்பேக்கின் ஓரத்திலேயே தட்டில் கற்பூரம் ஏற்றிவிட்டார்.

நான் போட்ட சத்தத்தில் பாய் தன் வீட்டுப் படி ஏறிவிட்டார். ஓடிப்போய்த் தட்டைக் காலால் தள்ளிவிட்டு, வாயால் ஊதிக் கற்பூரத்தை அணைத்தேன். முருகனைப் பக்கவாட்டில் இருந்து கை நீட்டித் தூக்கினேன். அந்தச் சின்னச் சூட்டுக்கு அது வெடித்திருக்காது என்று இப்போது நிதானமாகச் சொல்லலாம். அன்று அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை.

"வாயால ஊதிட்டியேமா" என்றார் அப்பா. அவருக்கு அதுதான் கவலை.

"நைனா! ஊருல அத்தினி பேரும் நடுவுலதான வெக்கிறான். நீ ஏன் அம்மாக்கு நேரா கொண்டுபோயி வெச்ச?"

அப்பா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நடுவுல வெச்சா ரெண்டு பேருக்கும் பொதுவாப் போயிடும்மா. எனுக்கு எது வந்தாலும் பரவால்ல. எதுத்தாப்புல ட்ரெய்லரு வந்தா அவளுக்கு முன்னாடி அவரு நிக்கட்டும்னுதான் வெச்சேன்."

என் கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த மனிதர் அம்மாவுக்கு இவ்வளவு செய்து நான் பார்த்ததே இல்லை. செய்த ஒன்றும் அவள் கழுத்தைக் குத்துவதாகப் போய்விட்டதே என்று அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அவரை மறுபடி அங்கே முருகனை வைக்க விட முடியாது.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து அம்மா பேசினாள்.

"யோவ், அவர வேற எங்கனா வெய்யி. எனுக்குப் பயமா கீது."

"இன்னா பயம்? வண்டில ஏறுனா எறங்குற வரிக்கும் கண்ண மூடிகினு கும்புட்டுகினேதான வர? இன்னா பக்தின்னு நானே பாய்கிட்ட சொல்லிகினு கீறேன்."

"பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ பிரேக்கு போடச் சொல்லோ அந்த வேலு மூஞ்சிக்கு நேரா வருதுயா. முருகா, குத்திராதப்பா, குத்திராதப்பான்னு வேண்டிகினு வரேன்."

பாய்தான் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. முருகனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முருகனை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பூஜை அலமாரியில் டிரில்லிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை புது ஏர்பேக்கும் மூடியும் வாங்கிவந்து பொருத்தினேன். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து தானாக அணைந்தது. செவ்வாய்க்கிழமை அவர்கள் சிறுவாபுரி போனார்கள். மத்தியானம் நான் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன்.

"பேஜாராப் போச்சும்மா. உங்கம்மா கண்ணத் தொறந்துகினு வரா. லாரி வருது, மாடு வருது, மெதுவாப் போன்னு ஒரே ரவுசு. வண்டி ஓட்டவே வுட மாட்டேன்றா."

பக்கத்தில் இருந்து அம்மா போனைப் பிடுங்கினாள். கோயிலில் கூட்டம், பிரசாதம், எனக்காக வேண்டிக்கொண்டது எல்லாம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"மே, முன்னாடி குந்திகினு போனா ரோடு இவ்ளோ சோக்கா தெரியுமா? கோயிலாண்ட திரும்பச் சொல்லோ ரெண்டு பக்கமும் நெல்லு, ஒரே பச்ச. இத்தினி நாளா எனுக்குத் தெரியவே தெரியாதுமே."