எட்டு என்று முந்திக்கொண்டவர்

அறுவை அரங்கில் அவருக்குப் பெயர் அரைமில்லி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தொங்குகிறது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. “வாசல்ல ரயிலா நிக்குது?” என்று மனைவி கேட்டால், பதில் மாடிப்படியிலிருந்துதான் வரும்.

பத்தொன்பது வருடமாக ஒரு பக்க மேசை அவருடைய ராஜ்ஜியம். முழங்கால் ஜவ்வு அறுந்தவர்களுக்கு, தொடையின் பின்பக்கத்துத் தசைநாண்கள் இரண்டை உருவிப் புது ஜவ்வு ஆக்குவார்கள். உருவுவது பெரிய டாக்டர், ஆக்குவது அரைமில்லி. ஒட்டியிருக்கும் சதையை வழித்து, முனைகளைத் தைத்து, மடித்து நான்கு புரியாக்கி, பலகையில் மாட்டி இழுத்து வைப்பார். பிறகு அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரிசையாக ஓட்டைகள் உள்ள அளவுக்கட்டையில் நுழைத்து, எதில் கச்சிதமாகப் போகிறது என்று அறிவிப்பார். அந்த எண்ணுக்குத்தான் டாக்டர் எலும்பில் துளை போடுவார். நாட்டுக்கு எல்லை வகுக்கும் அதிகாரிக்குக்கூட இவ்வளவு கர்வம் இருக்காது.

அன்று படுத்திருந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்திருந்தது, வாய் மரக்கவில்லை.

“அண்ணே, ஓடுற பஸ்ல நின்னு டிக்கெட் குடுப்பேனா?”

“ஓடுற பஸ்லயே ஓடலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார் அரைமில்லி.

டாக்டர் கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற பரபரப்பில், பலகையில் ஏற்றும் முன்பே கட்டையில் நுழைத்தார். “எட்டு சார்!”

இழுத்து வைத்தால் நாண் மெலியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவரே வகுப்பெடுக்கும் பாடம் இது. பலகையில் மாட்டி இழுத்துப் பத்து நிமிடம் கழித்து, கை சும்மா இருக்காமல் மறுபடி நுழைத்தார். எட்டில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏழரையில் கச்சிதம்.

எட்டு மில்லிமீட்டர் துளையில் ஏழரை லொடலொடக்கும். ஒரு சடன் பிரேக் போதும். டாக்டர் கையில் எட்டாம் நம்பர் துளைக்கருவி. ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய பட்டையின் கடிகாரம் வேறு ஓடுகிறது. சொன்னால் பத்தொன்பது வருட மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த ‘யாருக்கும் தெரியாது’ அவரை நிற்கவிடவில்லை.

“சார், நிறுத்துங்க!”

“என்னய்யா, தீப்பிடிச்சிருச்சா?”

“எட்டு இல்ல சார், ஏழரை. இழுக்கறதுக்கு முன்னாடியே அளந்துட்டேன்.”

“நீயா?”

சிஸ்டரின் முகமூடிக்குள் சிரிப்பு குலுங்கியது. திரைக்கு அப்பாலிருந்து கண்டக்டர் பதறினார்: “யாருக்கு சார் ஏழரை?”

“எனக்குத்தான். நீங்க பேசாம படுங்க” என்ற அரைமில்லி, டாக்டரிடம் திரும்பினார். “ஏழரைக்கே துளைச்சா ஜவ்வு மெலிசு, தாங்காது சார். ஒரு நாண் நல்ல நீளம். பிரிச்சு மூணா மடிக்கிறேன். மொத்தம் அஞ்சு புரி வரும். பதினஞ்சு நிமிஷம்.”

“பத்து.”

பிரித்தார், மடித்தார், தைத்தார், பலகையில் மாட்டி இழுத்தார். பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது தெரியாத தொழில். கட்டைவிரல்கள் கையுறைக்குள் துடித்தன.

“போதும், எடுங்களேன்” என்றார் சிஸ்டர்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு சிஸ்டர்!”

மூன்று முறை அளந்த பிறகே வாயைத் திறந்தார். “எட்டரை.”

டாக்டர் எட்டரைக்குத் துளைத்து, புது ஜவ்வை உள்ளே இழுத்துத் திருகாணியால் இறுக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“நானும் ஒருதடவை பாக்கட்டுமா சார்?”

“பாத்துத் தொலை.”

இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாம் தடவைக்குக் கை நீண்டபோது டாக்டர் தட்டிவிட்டார்.

“யோவ், அது அவர் காலுய்யா!”