பீர் பாயின் பத்து நிமிடம்

கொல்லிமலையில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் மேடை ஏறாத பேச்சாளர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் பெயர் பீர் முகமது. மேடைக்குப் பின்னால், ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிற்பார். நிற்பார் என்று சொல்வதுகூடத் தப்பு. டீசலை எட்டிப் பார்ப்பார், ஒயரைத் தொட்டுப் பார்ப்பார், பத்தடி நடந்து போய்த் திரும்பி வருவார். கால் ஓர் இடத்தில் தரிக்காது. மேடையில் இருப்பவர் சொல்லும் ஒவ்வொரு பேச்சுக்கும் அவர் வாய்க்குள் ஒரு பதில் புரளும். கூட்டம் முடிந்து கொடிகளை உருவி லாரியில் போட்ட பிறகு, செம்மேடு டீக்கடையில் அந்தப் பதில்களெல்லாம் வெளியே வரும். தலைவர் பேசும்போது பீடி பற்றவைக்கப் போனவர்கள்கூட பாய் பேசும்போது நின்று கேட்பார்கள்.

வீடு அடிவாரத்தில், காரவள்ளியில். ராசிபுரம் பக்கம் மூடிப்போன ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து பழைய ஜெனரேட்டர் ஒன்றை 1997இல் வாங்கினார். அதை ஒரு டெம்போவில் போல்ட் அடித்து ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மலைக்கு வாடகை வெளிச்சம் கொண்டுவந்தார். கல்யாணம், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர்தான். சிவப்புக் கொடிக்கும் அதே வெளிச்சம், மற்றக் கொடிகளுக்கும் அதே வெளிச்சம். மலை முழுக்க ஒரே ஜெனரேட்டர் என்பதால் போட்டியும் இல்லை.

"இந்த மனுசனை அரை மணி நேரம் உக்கார வெக்கறவங்களுக்கு நான் கெடா விருந்து போடறேன்" என்று அவர் மனைவி நஜிமா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். ஆறு வருடமாகியும் அந்தக் கிடா பத்திரமாகவே இருந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டே மலையைப் படித்தவர் அவர். முப்பதாவது வளைவில் விடிகாலையில் வழி மறைத்து நிற்கும் மேகம் எந்த வருடத்திலிருந்து ஏறி அறுபதாவது வளைவுக்குப் போனது என்று கேட்டால் சொல்வார். அப்புறம் மூன்று வருடம் மழை பொய்த்தது. மிளகுக்கொடி சருகாகி மரத்திலேயே தொங்கியது. புகையால்தான் உலகம் சூடாகிறது என்று செய்தித்தாளில் படித்த அன்று, தன் ஜெனரேட்டரின் புகைக்குழாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உலகம் வேகறதுல நம்ம பங்கும் ஒரு கேன் டீசல் இருக்குதுங்க" என்று டீக்கடையில் சிரித்தார். சிரித்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மின்வாரிய வயர்மேன் பாலசுப்பிரமணியத்துக்கு பீர் பாயைச் சீண்டுவது தினப்படி வேலை. பரமத்தியிலிருந்து மாற்றலாகி வந்தவர், தொழிற்சங்கத்துக்காரர். பாயைக் கண்டால், "வாங்க தனியார் கம்பெனி" என்பார். 2003இல் டெல்லியில் புதிய மின்சாரச் சட்டம் வந்த பிறகு அந்தக் கிண்டலில் கொஞ்சம் காரம் ஏறியது. வாரியத்தைத் துண்டு துண்டாக்கித் தனியாரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று சங்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. ஐப்பசியில் செம்மேட்டிலும் ஒன்று போடுவதென்று முடிவாயிற்று.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், மூன்று வருடமாக வராத மழை காற்றையும் கூட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வந்தது. சில்வர் ஓக் மரங்கள் வேரோடு சாய்ந்து லைன்மேல் விழுந்தன. மலை முழுக்க இருட்டு. தனியார் மின்சாரத்தை எதிர்க்கும் கூட்டத்துக்கு மைக் ஓட வேண்டுமானால் தனியார் மின்சாரம்தான் கதி என்று ஆகிவிட்டது. பாலசுப்பிரமணியம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"தர்றேன். ஆனா எனக்குப் பத்து நிமிசம் மைக்குக் குடுக்கோணும்" என்றார் பீர் பாய்.

"நீங்க என்னத்தைப் பேசப் போறீங்க பாய்?"

"அது என்ர பாடு. குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

கொடுப்பதாக பாலசுப்பிரமணியம் வாக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பீர் பாய் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து நஜிமா எட்டிப் பார்த்ததும் மீசையைச் சரி செய்வதுபோல நடித்தார்.

அவருக்கு உட்கார முடியாததற்குப் பிறவிக் குணம் ஒரு காரணம். நாலு வருடமாக இன்னொரு காரணமும் இருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

1999இல் இதேபோல ஒரு காற்று. மூன்று நாள் கரண்ட் இல்லை. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படித் திண்ணனூர் நாட்டுப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் பிரிசில்லா என்ற நர்ஸ், ஆத்தூர்ப் பெண், குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தைக் காத்துக்கொண்டிருந்தாள். குளிர் போனால் மருந்து வீண். பஸ் கண்டக்டர் ராசப்பனிடம் சொல்லி பீர் பாயிடம் ஜெனரேட்டர் கேட்டாள். வண்டி ரிப்பேர் என்று பீர் பாய் சொல்லியனுப்பினார். ரிப்பேரெல்லாம் ஒன்றுமில்லை. செம்மேட்டில் ஒரு காப்பித்தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் முழுக்கச் சீரியல் லைட் போட்டிருந்தார். மருந்து கெட்டது. மறு மருந்து மலையேற இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் தட்டம்மை ஊர் ஊராக நடந்துவிட்டது. பாவாயி என்ற பெண்ணின் கைக்குழந்தை பெருமாயிக்கு அம்மை இறங்கியபோது காதும் போய்விட்டது.

அதன்பிறகு சந்தைக்குச் சந்தை, அன்னாசிப்பழக் கூடையோடு வரும் பாவாயியைத் தேடிப் போய், அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பன் கொடுப்பார் பீர் பாய். "பாய்க்குத் தங்கமான மனசுங்க" என்று பாவாயி பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்வாள். அது காதில் விழுந்தால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சந்தைக்கும் நினைப்பார். பன்னைக் கொடுத்துவிட்டு நழுவிவிடுவார். ஊர் வம்பையெல்லாம் டீக்கடையில் பிரித்து மேய்கிறவருக்குத் தன் கதையைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

கூட்டத்தன்று சந்தை நாள். மூன்று மணிக்கு ராசப்பன் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். பிரிசில்லாவின் எழுத்து. 'நாளைக் காலையில் ஊசி முகாம். பைல் நாட்டிலிருந்தெல்லாம் தாய்மார்கள் நடந்து வருகிறார்கள். மருந்துப் பெட்டியில் ஏழு டிகிரி ஆகிவிட்டது. எட்டைத் தாண்டக் கூடாது. ஆறு மணிக்குள் ஜெனரேட்டர் வந்தால் போதும். இந்தத் தடவை ரிப்பேர் இல்லையே?'

கடைசி வரியில் அந்தப் பெண் வஞ்சகம் ஒன்றும் வைத்து எழுதவில்லை. இருந்தும் பீர் பாய் அதை மட்டும் மூன்று தடவை படித்தார்.

செம்மேட்டிலிருந்து அங்கே போக, மரம் கிடக்கும் சாலையில், ஒரு மணி நேரம். ஐந்துக்குள் கிளம்ப வேண்டும். உடனே கிளம்பியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பாலசுப்பிரமணியத்துக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், ஆறு வருடம் மேடைக்குப் பின்னால் நின்றவனுக்கு முதல்முறையாகக் கிடைக்கப்போகிற மைக் ஒரு பக்கம். ஆசை யாரை விட்டது? நாலு மணிக்கு எல்லாரும் முடித்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேடைப் பேச்சாளர்களை அத்தனை வருடம் பார்த்தவர் அப்படி நம்பியதுதான் வேடிக்கை.

நாலே கால் ஆயிற்று. நாமக்கல்லிலிருந்து வந்த சங்கத் தலைவர் அப்போதுதான் வெள்ளைக்காரன் காலத்துக் கதையை முடித்திருந்தார். பீர் பாய் ஜெனரேட்டரைச் சுற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. டெம்போவின் டயரை உதைத்துப் பார்த்தார். நாலே முக்கால். தலைவர் தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினார். அந்த இடைவெளியில் பீர் பாய் மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எனக்குப் பத்து நிமிசம் தர்றேன்னாங்க. ரெண்டு போதுமுங்க" என்றார். "தனியார்கிட்டக் கரண்டைக் குடுத்தா என்ன ஆவும்னு இவங்க சொல்லிட்டு இருக்கறாங்க. அதை என்கிட்டக் கேளுங்க. இந்த மலையில தனியார் கரண்டு நாந்தான்."

கூட்டம் சிரித்தது. பாலசுப்பிரமணியமும் சிரித்தார்.

"தொண்ணூத்தொம்போதுல லைன் விழுந்தப்ப, நர்சம்மா ஊசி மருந்துக்கு ஜெனரேட்டர் கேட்டாங்க. ரிப்பேருன்னு சொல்லியனுப்பினேன். பொய்யிங்க. அது இதே செம்மேட்டுல கல்யாணப் பந்தல்ல ஓடிட்டு இருந்துச்சு. மருந்து கெட்டுது, பிள்ளைங்களுக்கு அம்மை வந்துச்சு. அன்னிக்கு லைன் இழுக்க லேட்டாச்சுன்னு பாலு ஆபீசு முன்னாடி போயி உக்காந்தீங்க. என்ர ஊட்டு முன்னாடி யாராச்சும் வந்தீங்களா? வர முடியாதுங்க. என்ர மெசினு, என்ர இஷ்டம். தனியாருன்னா அதுதானுங்க."

சந்தைக் கூடைக்காரிகளும் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேடைப் பக்கம் வந்தார்கள்.

"மழை இனிமே இப்படித்தான் வரும்போலத் தெரியுது. மூணு வருசம் காயப் போட்டு, ரெண்டு நாள்ல கொட்டும். கம்பம் சாயும். பதினேழு ஊடு இருக்கற ஊருக்குக் கம்பி கட்ட எந்த யாவாரியும் மலை ஏற மாட்டான். நானும் யாவாரிதான், சொல்றேன். பாலு ஏறித்தான் ஆவோணும், ஏறலைன்னா நீங்க கேக்கலாம். அந்தக் கேள்வியை வித்துப்போடாதீங்க. இப்பவும் அங்க மருந்துப் பெட்டி சூடாயிட்டு இருக்குது. நான் போறேன். மைக்கு நின்னுரும், மன்னிச்சுக்கோங்க."

இறங்கிப் போய்ச் சாவியைத் திருப்பினார். தலைவர் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பாலசுப்பிரமணியம் கோபமாகத்தான் ஓடி வந்தார். வந்தவர் ஒயரைச் சுருட்டி டெம்போவில் போட்டார். "காலையில ஆளுங்களோட அந்த லைனுக்கு ஏறறேன் பாய், கிளம்புங்க" என்றார்.

பாதை முழுக்கக் கிளைகள். இரண்டு இடத்தில் இறங்கி இழுத்துப் போட்டார். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. பிரிசில்லா பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "ஏழரை" என்றாள். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. செம்மேட்டுப் பேச்சு இன்னும் அவளிடம் வந்து சேரவில்லை.

மறுநாள் காலையில் வாசல் நிறையத் தாய்மார்கள். ஜெனரேட்டரின் இரைச்சலுக்குக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றன. ஒரு சிறுமி மட்டும் பக்கத்தில் வந்து, அதன் நடுக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதைப் பொத்தவில்லை. பெருமாயி. பீர் பாய் நிமிர்ந்து பார்த்தார். இடுப்பில் அடுத்த குழந்தையோடு பாவாயி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி பல்பு எரிந்தது. பாலசுப்பிரமணியம் எங்கோ கம்பத்தில் வேலையை முடித்துவிட்டார். இனி ஜெனரேட்டருக்கு வேலை இல்லை. பீர் பாய் அதை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் பாவாயி வரிசையை விட்டு அவரிடம் வந்தாள்.

"நேத்துச் சந்தையில நானும் கேட்டுட்டு இருந்தேனுங்க பாய். அன்னிக்குக் கரண்டு இல்லைன்னுதான் நர்சம்மா சொன்னாங்க. இருந்துச்சுங்களா?"

பிரிசில்லா ஊசியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"இருந்துச்சு தாயி" என்றார் பீர் பாய்.

"அதுக்குத்தான் பன்னுங்களா?"

பத்து நிமிடம் மைக் கேட்ட மனிதர் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார். டெம்போவின் படியில் உட்கார்ந்துவிட்டார். பாவாயி வரிசைக்குத் திரும்பிப் போய், இடுப்பிலிருந்த குழந்தையின் தொடையை ஊசிக்குக் காட்டினாள். பெருமாயிக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. சந்தையில் செய்வதுபோலவே அவர் முன்னால் வந்து நின்று, கையை நீட்டினாள்.