அலமாரியில் இருந்த சிம்

மணப்பட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் சரியில்லை. அதனால் மீனவரான என் கணவரின் எண்ணை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றக் கொடுத்தோம். கடையில் கொடுத்த புது சிம்மைப் போட்டால்தான் பழையது நிற்கும் என்று இருவருமே நினைத்திருந்தோம். "அப்புறமா போட்டுக்கலாம், வையிடி" என்றார். அலமாரியில் வைத்தேன்.

சில நாளில், அவர் கடலில் இருந்தபோது காற்று பலமாக வீசியது. மற்ற படகுகள் கரைக்கு வந்துவிட்டன. அவருக்கு அடித்தால் போன் போகவே இல்லை. மணலிலேயே நின்றிருந்தேன். கடைசியில் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று அவர் படகைக் கட்டி இழுத்து வந்தது.

"என்ஜின் நின்னுபோச்சுடி. யாரையாச்சும் கூப்பிடலாம்னா போனும் செத்துக் கெடக்குது. இன்னா பண்றது, சொல்லு?"

நெட்வொர்க் மாறியதும் பழைய சிம் தானாகவே நின்றிருந்தது. புதியது வீட்டில் பத்திரமாக இருந்தது.

இப்போதெல்லாம் நெட்வொர்க் மாற்றுவதென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையில் கிடக்கும்போது மட்டும்தான்.