சலூனுக்கு மட்டும் வரும் தலைச்சாயம்

காலை ஐந்தே முக்கால் மணிக்கு என் மகன் என்னை எழுப்பினான். "கண்ணத் தொறக்க முடியலீங்கப்பா." விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முகம் முழுவதும் வீங்கியிருந்தது. மறுநாள் அவனுக்கு நிச்சயதார்த்தம்.

இருபத்து நான்கு வயதிலேயே அவனுக்கு நரை. முன்பு ஒருமுறை கடையில் வாங்கிய சாயத்தைப் பூசி, காதோரம் கொப்புளம் வந்தது. அதனால் முந்தைய நாள் மாலை கொல்லங்கோட்டில் எங்களுக்குப் பழக்கமான பழனியின் சலூனுக்கு நானே அழைத்துப் போனேன்.

"இது கடையில கெடைக்காதுங்க. சலூனுக்கு மட்டுந்தான் தர்றாங்க. அது வேற, இது வேறங்க" என்று புதுப் பாட்டிலைக் காட்டினார் பழனி. நானும் சரி என்றேன்.

வீங்கிய முகத்தோடு அவனை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஊசி போட்டார். தொண்டையும் வீங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். முன்பு கடையில் வாங்கியது, இப்போது சலூனில் பூசியது என இரண்டு பாட்டில்களையும் அவரிடம் கொண்டு போனேன். நிறம் வேறு, பெயர் வேறு. அடியில் பொடி எழுத்தில் ஒரே கம்பெனி, ஒரே விலாசம்.

நிச்சயத்தைத் தள்ளி வைத்தோம். இப்போது எதை வாங்கினாலும் முதலில் அந்தப் பொடி எழுத்தைத்தான் படிக்கிறேன்.

முகம் வீங்கிய நான்காம் நாள் அந்தக் கம்பெனி ஏஜெண்ட் சலூனுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பழனி இரண்டு பாட்டில்களையும் அவர் முன்னால் வைத்து, "என்னையும் ஏமாத்திப் போட்டீங்களே" என்றார்.

ஏஜெண்ட் சிரித்தார். "உள்ள இருக்குற மருந்து ஒண்ணுதாங்க. ஊட்டுக்கு ஒரு பேரு, சலூனுக்கு ஒரு பேரு. இந்த மாசம் எத்தன பாட்டில் போடட்டுங்க?"