உயிரோடு ஊருக்குப் போகச் சொன்னவர்

மாசிப் புறநகரிலுள்ள வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வாகன நெரிசலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது மனைவி அழைத்தார்.

“மும்பா போயிட்டாராம். கிரேஸ் இப்பதான் கதைச்சவா.”

“நேற்று என்னோட தேத்தண்ணி குடிச்ச மனிசன்!”

“ஓம். நித்திரையிலயாம்.”

முன்னே போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. ஸ்டியரிங்கில் அடித்து அடித்து அழுதேன்.

மும்பாவை உங்களில் பலர் அறிவீர்கள். நம் பொங்கல் விழாவுக்கு மனைவி கிரேஸுடன் வந்து, உட்காரச் சொன்னாலும் கேளாமல், நின்றபடியே பொங்கலை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்ட சாம்பியாக்காரர். ஒனிஹங்காவிலுள்ள குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவரும் அவருடைய ஆட்களும் பேசியதை எனக்கு வரும் தமிழிலேயே எழுதுகிறேன், மும்பா பொறுத்துக்கொள்வார்.

ஒருமுறை அவருடைய நாட்டவர் ஒருவர் இங்கே இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப மாசியில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். நிற்க இடமில்லை, எல்லோரும் அள்ளிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அதே மண்டபத்தில் மும்பா ஒரு கூட்டம் வைத்தார். அவருடைய மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரால் பிள்ளைகள் நோயில் விழுகிறார்கள். தண்ணீரைச் சோதிக்கவும் பம்புகளைத் திருத்தவும் அங்குள்ளவர்களைப் பழக்க, தொழில் தெரிந்த யாராவது சில வாரம் போய் நிற்கவேண்டும். அவரும் கிரேஸும் நானும் ஒரு பெரிய சட்டி கோழிக்கறியும்தான் அங்கே இருந்தோம்.

“செத்தால் ஊருக்குப் போக எல்லாரும் ரெடி. உயிரோட போகத்தான் ஒருத்தருக்கும் லீவு இல்லை,” என்றார் மும்பா.

அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பண்டா, பிளம்பர், பிறகொருநாள் வாதாடினார். “காசு அனுப்புறன்தானே, அண்ணா?”

“காசு போய் பம்பைத் திருத்துமோ? உன்ர கைதான் திருத்தும்.”

லீவு சேரும்போதெல்லாம் மும்பாதான் போனார். ஒவ்வொரு முறையும் மெலிந்து, கோபத்தோடு திரும்பினார். “ஒரு நாளாவது சும்மா இருமன்” என்று சீண்டுவேன். “உம்மட ஆக்கள் எப்படி, ஊருக்குப் போவினமோ?” என்று ஒருமுறை கேட்டார். கோயில் தேருக்குக் காசு அனுப்புவோம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப நீங்கள் எங்களுக்குச் சொந்தம்தான்.”

அவருக்காகவும் அந்த மண்டபம் நிரம்பியது. சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பப் பண்டா எல்லா ஒழுங்கும் செய்துவிட்டார். கிரேஸ் எழுந்தார்.

“அவர் இங்கயே அடக்கம். அவர் கேட்டது அதுதான். பெட்டிக்குச் சேர்த்த காசில உயிரோட ஒருத்தர் போகட்டும்.”

மண்டபம் கொதித்தது. பண்டா கத்தினார்: “அண்ணனை அந்நிய மண்ணில விடுறதோ? அவரோட போக நான் ஒரு மாசம் லீவு எடுத்திட்டன்!”

“எடுத்திட்டாய்தானே. அப்ப போ,” என்றார் கிரேஸ்.

பண்டா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஊரில் தன் தாயின் குழிக்குப் பக்கத்தில் கிடக்க ஆசையில்லாதவரல்ல மும்பா. அதை அவர் விட்டுக்கொடுத்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. மழைக்குள் அவரை இங்கேயே அடக்கம் செய்தோம்.

நேற்று பண்டாவை விமான நிலையத்தில் வழியனுப்பினோம். ஒரு கையில் தன் ஸ்பானர்கள், மறு கையில் மும்பாவின் தண்ணீர்ப் பரிசோதனைக் கருவிகள். உள்ளே போகுமுன் திரும்பி, “உங்கட ஊர்க் கிணறுகள் எப்படி?” என்று கேட்டார். லீவு இல்லை என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மனைவி கேட்கிறார், “என்னப்பா, ஏன் இப்பிடிக் காலை ஆட்டுறீங்கள்?”

மும்பா விட்டுப்போனதில் எனக்கென்று நான் வைத்திருப்பது இதுதான். யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் எடுக்கும்வரை இது நிற்கப்போவதில்லை.